உடுக்குறி இல்லாத மூதாதையர்: ஜீனோம் படங்களைப் படிப்பது குறித்து

மொழியியல் மாணவருக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் ஒழுங்கு ஒன்று உண்டு. கல்வெட்டிலும் ஏட்டிலும் பேச்சிலும் கிடைக்காமல், ஒப்பீட்டின் வழியே மட்டும் மீட்டுருவாக்கப்பட்ட சொல்லுக்கு முன்னால் ஓர் உடுக்குறி இட வேண்டும். தொல்திராவிட வேர்ச்சொற்கள் அந்தச் சிறு விண்மீனைச் சுமந்தபடியே அகராதிகளில் நிற்கின்றன. 'இது கண்டெடுக்கப்பட்டதன்று, கணிக்கப்பட்டது' என்பதே அதன் பொருள். இந்திய மக்கள்தொகை வரலாற்றைப் பற்றிப் பெரிதும் பேசப்படும் ஜீனோம் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குறி அங்கே இல்லையே என்றே எனக்குத் தோன்றுகிறது.

2009 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரையில் அத்தகைய படம் ஒன்று இடம்பெற்றது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும், அமெரிக்காவின் டேவிட் ரைக், நிக் பேட்டர்சன், ஆல்கஸ் பிரைஸ் ஆகியோரும் அதன் ஆசிரியர்கள். 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் ஜீனோமில் 5,60,000க்கும் மேற்பட்ட இடங்கள் ஒப்பிடப்பட்டன. ஐரோப்பிய வம்சாவழியினரையும் சீன ஹான் மக்களையும் சேர்த்து வரைந்தபோது, பெரும்பாலான இந்தியக் குழுக்கள் ஒரு சாய்கோட்டில் வரிசையாக அமைந்தன. அதன் ஒரு முனை ஐரோப்பியப் புள்ளிகளை நோக்கி நீண்டிருந்தது. அதற்கு 'இந்தியச் சரிவு' என்ற பெயரும் வந்து சேர்ந்தது.

இப்படத்தின் அடிப்படை முதன்மைக் கூறு ஆய்வு. இந்த ஆசிரியர்களுள் சிலர் 2006இல் வெளியிட்ட 'ஐகன்சாஃப்ட்' மென்பொருள் அதனை ஜீனோம் துறையின் அன்றாடக் கருவியாக்கியது. ஒவ்வொருவரையும் பல லட்சம் எண்களைக் கொண்ட ஒரு வரிசையாகக் கொண்டு, அவ்வரிசைகள் மிக அதிகமாக வேறுபடும் திசையை மென்பொருள் கண்டுபிடிக்கிறது. அதுவே முதல் அச்சு. எஞ்சிய வேறுபாட்டில் அடுத்த பெரிய திசை இரண்டாம் அச்சு. அச்சின் இடம் வலமாவதற்கும் வலம் இடமாவதற்கும் கணிதத்தில் எத்தடையும் இல்லை. எக்குழுவிலிருந்து எத்தனை பேரைச் சேர்க்கிறோம் என்பதற்கேற்ப அச்சுகளே திரும்பும். ஒப்பீட்டுக்காகச் சேர்த்த இரு வெளிக்குழுக்களுக்குப் பதில் வேறு இரண்டை வைத்திருந்தால் நாம் வேறொரு படத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருப்போம். இது பொய்ப்படம் என்பது என் வாதமன்று. அது ஒரு கேள்விக்கான விடை. கேள்வி படத்துக்கு வெளியே இருக்கிறது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1978இல் மெனோட்சி, பியாட்சா, காவல்லி-ஸ்ஃபோர்ஸா மூவரும் ஐரோப்பாவின் மரபணு அலைவெண்களை இதே கணித முறையால் சுருக்கி நிலப்படங்களாக வரைந்தனர். தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கி மெல்ல மங்கும் நிறப்பட்டைகளில், மேற்காசிய உழவர்கள் ஐரோப்பாவுக்குள் பரவிய தடம் வாசிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2008இல், ஜான் நொவம்ப்ரேயும் மேத்யூ ஸ்டீஃபன்ஸும் ஒரு சங்கடமான உண்மையைக் காட்டினர். தூரம் கூடக் கூட ஒற்றுமை குறையும் எந்தத் தரவை இம்முறைக்குள் இட்டாலும், யாரும் எங்கும் பெரிதாகக் குடிபெயராவிட்டாலும், அத்தகைய பட்டைகளும் அலைகளும் தாமாகவே தோன்றும். உழவர்கள் பரவியது பின்னர்த் தொல் எலும்புகளின் டி.என்.ஏ. வழியாக உறுதிப்பட்டது வேறு கதை. முடிவு சரியாக அமைந்ததால், பழைய படம் சான்றாகிவிடாது.

ஐதராபாத்துக்குத் திரும்புவோம். அந்தச் சரிவின் முனைகளுக்கு என்ன பெயரிடுவது? 2018இல் வெளியிட்ட நூலில் ரைக் அதனை விவரிக்கிறார். 2008 அக்டோபரில் ஐதராபாத்தில் நடந்த சந்திப்பில், ஒரு முனையை 'மேற்கு யூரேசியர்' என்று அழைக்கும் முன்மொழிவை சிங்கும் தங்கராஜும் ஏற்கவில்லை. மக்கள் மேற்கிலிருந்து பெருந்திரளாக இங்கே வந்தனர் என்ற முடிவைத் தரவு அனுமதிக்கும் அளவைத் தாண்டி அப்பெயர் சொல்லிவிடும் என்பது அவர்களது கவலை. இறுதியில் 'மூதாதை வட இந்தியர்', 'மூதாதை தென்னிந்தியர்' என்ற இரு பெயர்கள் உடன்பாடாயின. பெரும்பாலான குழுக்களில் முதலாவதன் பங்கு 39 முதல் 71 விழுக்காடு என்று கட்டுரை மதிப்பிட்டது.

மொழியியல் பயின்றவர் இங்கே நிற்க வேண்டும். அவ்விரு மூதாதையருள் ஒருவரின் எலும்பும் அன்று எவர் கையிலும் இல்லை. இன்றைய கலப்புகளிலிருந்து பின்னோக்கிக் கணிக்கப்பட்ட உருவங்கள் அவை. அதாவது, உடுக்குறி இட வேண்டியவை. 'வட', 'தென்' என்ற அடைகளோ அவற்றை நிலப்படத்தில் ஊன்றிவிட்டன. தமிழ்ச் சூழலில் அவ்விரு பெயர்களும் 'ஆரியர்', 'திராவிடர்' என்று எவ்வளவு விரைவில் மொழிபெயர்ந்தன என்பதை நாம் அறிவோம். 2019இல் வகீஷ் நரசிம்மனும் பிறரும் தொல் டி.என்.ஏ.வைக் கொண்டு, அந்த இரு 'மூதாதையரும்' தம்மளவிலேயே கலப்பினால் உருவானவர்கள் என்று காட்டினர். மீட்டுருவாக்கம் திருத்தப்படுவது அறிவியலுக்கு இழுக்கன்று. எங்கள் துறையிலும் வேர்ச்சொற்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் குறியிட்ட சொல்லைத் திருத்துவது எளிது. குறியிடாமல் பொதுப்புழக்கத்தில் விட்ட பெயரைத் திரும்பப் பெறுவது அரிது.

பெயர்கள் முனைகளில் மட்டுமல்ல, புள்ளிகளிலும் சிக்கலானவை. அந்த 2009ஆம் ஆண்டுப் பட்டியலில் 'நாயுடு' என்று ஒரு குழு இருக்கிறது. நான் இதை எழுதுவது நாயுடுபேட்டையிலிருந்து. இங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், நாயுடு என்பது ஒரு பட்டம். தமக்குள் மணவுறவு கொள்ளாத பல சமூகத்தார் அதனைச் சூடுகின்றனர். வேலமரைத் தனிப் புள்ளியாகக் காட்டும் அதே பட்டியலில், வேலமர் சிலரும் சூடும் ஒரு பட்டம் இன்னொரு புள்ளியாக நிற்கிறது. மென்பொருளுக்கு இரண்டும் வெறும் எழுத்துச் சரங்கள். (இவ்வூரே 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது, சொர்ணமுகி ஆறு அதே இடத்தில்தான் ஓடுகிறது.)

வண்ணக் கம்பிகளால் ஆன 'ஸ்ட்ரக்சர்' வகைப் படங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மக்களை எத்தனை மூலக் குழுக்களாகப் பிரிப்பது என்ற எண்ணை அங்கே நாமே கொடுக்கிறோம். ஐந்து கேட்டால் ஐந்து நிறம், ஆறு கேட்டால் ஆறு. 2002இல் உலக மக்கள் 52 குழுக்களைக் கொண்டு வரைந்த படத்தில், ஆறாவது நிறம் பாகிஸ்தானின் சிறு சமூகமான கலாஷ் மக்களுக்குப் போனது. அவர்களை ஆறாவது கண்டத்தார் என்று எவரும் சொல்லவில்லை.

இதே கருவிகள் மொழிக்கும் வந்துவிட்டன. 2018இல் விஷ்ணுப்ரியா கோலிபாகமும் பிறரும் 20 திராவிட மொழிகளின் சொற்பட்டியல்களை உயிரியலாளரின் மர ஆய்வுமுறையில் இட்டு, மொழிக்குடும்பத்தின் அகவை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று மதிப்பிட்டனர். இத்தகைய ஆய்வு ஒரு மரத்தைத் தருவதில்லை. ஆயிரக்கணக்கான மரங்களைத் தருகிறது. அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வரையும் 'டென்சிட்ரீ' போன்ற மென்பொருளை நான் விரும்புவது இதனால்தான். மரங்கள் உடன்படும் கிளை தடித்துத் தெரிகிறது, உடன்படாத இடம் புகைபோலக் கலைகிறது. திராவிடக் கிளைகளின் உட்பிரிவுகள் தெளிவாக வந்தாலும், அப்பெருங்கிளைகள் தமக்குள் எவ்வரிசையில் பிரிந்தன என்பது அந்த ஆய்வில் தீரவில்லை. தீராததைத் தீராததாகவே காட்டும் படம் உடுக்குறிக்கு மிக அருகில் வருகிறது.

சாய்கோட்டுப் படம் காட்டாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆந்திரத்தின் வைசியர் அக்கோட்டில் மற்றக் குழுக்களைப் போலவே அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். ஆனால் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகி, நூறு தலைமுறை அளவுக்குத் தமக்குள்ளேயே மணந்துவந்த வரலாறு அவர்களது ஜீனோமில் உண்டு என்று அதே 2009 கட்டுரை கணித்தது. அதனைப் பார்க்கப் புள்ளிகள் போதா. ஒரே மூதாதையிடமிருந்து முறியாமல் வந்த நீண்ட துண்டுகளை இருவருக்கிடையே தேட வேண்டும். 2017இல் தெற்காசியாவின் 263 குழுக்களில் அவ்வாறு தேடியபோது, 81 குழுக்களில் இச்சுருக்கம் ஃபின்லாந்தியரையும் அஷ்கனாசி யூதரையும் விட வலுவாக இருந்தது.

வைசியரைப் பொறுத்தவரை அதன் பொருள் அறுவை அரங்கில் இருக்கிறது. சக்சினைல்கோலின் என்னும் தசைதளர்த்தி மருந்தைக் குருதியில் சிதைக்கும் நொதியின் 307ஆம் இடத்தில், அச்சமூகத்தாருள் சிலரிடம் லியூசினுக்குப் பதில் புரோலின் அமைந்திருப்பதைக் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2006இல் பதிவுசெய்தது. மற்றவர்க்குச் சில நிமிடங்களில் தெளியும் மருந்து, இம்மாற்றத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கு மணிக்கணக்கில் தெளியாது. அதுவரை மூச்சைக் கருவிதான் நடத்த வேண்டும். நோயாளியிடம் முன்கூட்டியே 'உங்கள் உறவில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமானதா?' என்று கேட்டறிந்தால், மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்வார்.