வென்றவன் யார்? குத்துச்சண்டையும் அதன் வழிப்போக்கு ரசிகரும்

சந்திரகிரி வட்டாரத்து ஏ.ரங்கம்பேட்டையில் கனுமப் பண்டிகையை ஒட்டிக் கூடும் பெருந்திரளுக்கு எவரும் விதிமுறைகளை விளக்கத் தேவையில்லை. காளைகளின் கொம்புகளில் பலகைகள் கட்டப்பட்டிருக்கும்; பாய்ந்துவரும் காளையை மறித்துப் பலகையைப் பறித்தவன் வென்றவன். முதன்முறையாக அவ்வூருக்கு வந்தவனும் வெற்றியைத் தன் கண்ணாலேயே அறிவான். 'பசுவுல பண்டுக' எனத் தெலுங்கில் வழங்கும் இவ்விழாவுக்கு உறுதியான நாளும் உண்டு, காட்சிக்கு எளிய தெளிவும் உண்டு. குத்துச்சண்டை இவ்விரண்டையும் எவ்வாறு இழந்தது என்பது இதே மண்ணின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கத்தக்க கேள்வி.

சந்திரகிரி விசயநகர அரசின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்று. அவ்வரசின் பொற்காலத்தில், ஏறத்தாழ 1520-இல், மகாநவமி விழாவைக் கண்ட போர்த்துகீசியர் தொமிங்கோ பாயிஸ் அங்கு நடந்த மல்லர் போட்டியை வியப்புடன் பதிவு செய்துள்ளார். பெயர் மற்போர், ஆனால் அவர் கண்டது பல் உடையவும் கண் பிதுங்கவும் விழுந்த அடிகளை. பேச்சற்றுக் கிடந்தோரை நண்பர்கள் தூக்கிச் சென்றனர். பின்னர் எழுதிய பெர்னாவ் நூனிஸ், மல்லர்கள் முனைகள் பொருந்திய வளையங்களைக் கையில் கொண்டு தாக்கிக்கொண்டதையும், பரிசாகப் பட்டுத் துணி அளிக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார். கொடூரத்தில் இன்றைய குத்துச்சண்டை இதன் அருகில்கூட வராது. எனினும் அமைப்பு தெளிவாக இருந்தது: ஒரே விழா, ஒரே அரசன், எதிராளிகளைச் சமநிலையில் நிறுத்தி வெற்றியாளனுக்குரிய சிறப்பை அளிக்க நடுவர்கள். போட்டி எப்போது, எங்கே, யார் முன்னிலையில் என்ற ஐயம் எவருக்கும் எழுந்திருக்காது.

சந்திரகிரி அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட கடற்கரையில்தான் 1639-இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலேயருக்கு நிலம் அளித்தார். அந்நிலத்தில் வளர்ந்த சென்னையின் வடபகுதியில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கிடையே, ஆங்கிலக் குத்துச்சண்டை இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் எனப் பரம்பரைகள் உருவாயின. யார் பக்கம் நிற்பது என்பதை ரசிகன் ஆராய வேண்டியதில்லை. அவன் பிறந்த தெருவே அதை முடிவு செய்துவிடும். நுட்பம் அறியாதவனையும் ஆண்டாண்டாக மேடைக்கு இழுத்தது இந்தப் பிணைப்பே. 1980-இல் முகமது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். அதன்பின் பரம்பரைப் போட்டிகள் மங்கின. அவற்றோடு அந்தப் பிணைப்பும் தளர்ந்தது. 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் அந்நினைவை மீட்டபோது அதைக் கொண்டாடியோர் ஏராளம். ஆனால் அவர்கள் சென்று அமர அன்றைய பரம்பரை மேடைகள் இல்லை.

உலக அரங்கின் கதை வேறு, விளைவு ஒன்றே. ஒரு காலத்தில் எட்டு எடைப் பிரிவுகள், எட்டு வாகையர். பெயர்களை மனப்பாடமாகச் சொல்லலாம். இன்று வழமையான பிரிவுகள் 17, பட்டம் வழங்கும் முதன்மை அமைப்புகள் நான்கு, பெருக்கினால் 68. 'இடைக்கால' வாகையர் போன்ற ஒட்டுப் பட்டங்கள் இக்கணக்கில் சேரவில்லை. இருபதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியை வென்று ஒலெக்சாந்தர் உசிக் அதிகனப் பிரிவின் ஒரே வாகையர் ஆனார். அடுத்த மாதமே நான்கில் ஒரு பட்டம் அவர் கையை விட்டுப் போனது. அன்றிரவு தற்செயலாகத் தொலைக்காட்சி முன் அமர்ந்து குத்துச்சண்டையை விரும்பத் தொடங்கிய ஒருவருக்கு இதை எப்படி விளக்குவது? புகழ்பெற்ற வீரர்களோ ஆண்டுக்கு ஓரிரு முறையே களம் காண்கின்றனர். மேவெதரும் பாக்கியாவோவும் மோத வேண்டுமென்ற ஆவல் 2009-லேயே உச்சத்தில் இருந்தது. போட்டி நடந்தது 2015 மே 2 அன்று. அமெரிக்க இல்லங்களில் அதைக் காணக் கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். வணிக நோக்கில் அது பெருவெற்றி. முதன்முறை பார்த்தவர்களை மறுமுறை அழைத்துவரும் ஆட்டமாக அது அமையவில்லை.

இவை அனைத்தினும் ஆழமான காயம் தீர்ப்பில் உள்ளது. தொழில்முறைப் போட்டிகளில் மூன்று நடுவர்களின் மதிப்பெண்கள் பொதுவாக இறுதிவரை மறைவாகவே இருக்கும். ஆட்டம் முடிந்து அறிவிப்பாளர் வாய்திறக்கும்வரை பார்வையாளர் இருளில்தான். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார், எதிராளி 32. தீர்ப்பு 3-2 என எதிராளிக்குச் சென்றது. அதே ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான கோப்பையோ ஜோன்சுக்கே! 2014 இஞ்சியான் ஆசியப் போட்டியில் அரையிறுதித் தீர்ப்பை ஏற்காத சரிதா தேவி வெண்கலப் பதக்கத்தை அணிய மறுத்து மேடையில் அழுததை இந்தியா கண்டது. அவருக்குக் கிடைத்தது ஓராண்டுத் தடை.

இந்தியாவில் குத்துச்சண்டையின் பொற்கணமும் இவ்வாறே சிதறியது. 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங்கும் 2012 லண்டனில் மேரி கோமும் பெற்ற வெண்கலங்கள் இல்லங்களுக்குள் இவ்விளையாட்டைக் கொண்டுவந்தன. லண்டன் முடிந்த சில மாதங்களில், 2012 டிசம்பரில், தேசியக் கூட்டமைப்பைப் பன்னாட்டு அமைப்பு இடைநீக்கம் செய்தது. 2013 உலகப் போட்டியில் இந்திய வீரர்கள் தேசியக் கொடியின்றிக் களமிறங்கினர். நிலையான புதிய கூட்டமைப்பு 2016-இல்தான் வந்தது. அந்தப் பன்னாட்டு அமைப்பே 2023 ஜூனில் ஒலிம்பிக் ஏற்பை இழந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இடம்பெறுமா என்பது 2025 மார்ச்சில்தான் உறுதியாயிற்று. ரங்கம்பேட்டைக் காளைகளுக்கோ அடுத்த கனுமையின் நாள் பஞ்சாங்கத்திலேயே குறிக்கப்பட்டுவிட்டது.