பொருள் போதகருக்கு, பயன் வீட்டாருக்கு: 1647-ஆம் ஆண்டுக் குடும்ப ஆராதனை நெறிமுறையின் மூன்றாம் விதி

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை 1647 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்ட குடும்ப ஆராதனை நெறிமுறையை ஒழுக்கக் கண்காணிப்பின் கருவியாக மட்டுமே வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அதன் முன்னுரையும் அதற்கு இடங்கொடுக்கிறது. வீட்டு ஆராதனையில் அசட்டையாக இருக்கும் குடும்பத் தலைவருக்கு முதலில் தனியே எச்சரிக்கை. பிறகு மூப்பர் மன்றத்தின் கண்டனம். அதற்கும் திருந்தாவிட்டால் திருவிருந்திலிருந்து விலக்கு. இந்தத் தண்டனை வரிசையைக் கண்டவர்கள், வீட்டு வேதவாசிப்பு பிரசங்க மேடையின் நீட்சியே என்றும் குடும்பத் தலைவர் சபையின் கடைநிலை அலுவலரே என்றும் முடிவு கட்டினார்கள். முன்னுரையைப் பொறுத்தவரை இது சரி. மூன்றாம் விதிக்கு இது பொருந்தாது.

அந்த விதி ஒரு தடையோடுதான் தொடங்குகிறது. வேதத்துக்கு விளக்கம் சொல்வது முறைப்படி அழைப்புப் பெற்ற போதகரின் பணி. வேறு எவரும், எவ்வளவு தகுதி இருந்தாலும், அதை மேற்கொள்ளலாகாது. எடுத்தாள்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். விதியோ மேலே செல்கிறது. வாசிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கும் எந்த வீட்டிலும் வேதம் வாசிக்கப்பட வேண்டும். வாசித்தபின் வீட்டார் தமக்குள் கலந்து பேசி, கேட்டதைப் பயன்படுத்திக்கொள்வது பாராட்டுக்குரியது. எவ்வாறு என்றும் காட்டுகிறது. வாசித்த பகுதி ஒரு பாவத்தைக் கண்டித்தால் வீடு முழுவதும் அதில் விழாமல் விழிப்பாயிருக்கலாம்; ஒரு கடமையை விதித்தால் அதைச் செய்யத் தம்மைத் தூண்டிக்கொள்ளலாம்; ஆறுதல் தந்தால் அதைத் தமக்கென்று பற்றிக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, குடும்பத்தில் எவரும் ஒரு கேள்வியையோ ஐயத்தையோ முன்வைக்கலாம் என்று விதி முடிகிறது. அன்றைய ஸ்காட்லாந்தில் வேலையாட்களும் குடும்பத்தில் சேர்த்தி என்பதை நினைவில் கொண்டால் இந்த அனுமதியின் அகலம் புரியும்.

ஆக, வசனத்தின் பொருள் போதகரிடம் இருந்தது; அது இந்த வீட்டில், இந்த வாரத்தில் எங்கே வந்து தைக்கிறது என்பது வீட்டாரிடம் விடப்பட்டது. அடைக்காத கடன், பேச்சுவார்த்தை நின்றுபோன அண்டைவீடு, வேலைக்காரிக்குத் தரவேண்டிய கூலி போன்றவற்றை நெறிமுறை பட்டியலிடவில்லை. ஆனால் எதில் விழிப்புத் தேவை என்று வீட்டாரையன்றி யார் அறிவார்? அன்றாட வாழ்வுக்கான விவேகத்தைத் தேடும் பொறுப்பு, விளக்கம் சொல்லும் உரிமை மறுக்கப்பட்டவர்களிடமே வந்து சேர்ந்தது. இதைப் பேரவை திட்டமிட்டுச் செய்தது என்று நான் சொல்லவில்லை. விதியின் அமைப்பு அதற்கு வழிவிட்டது என்பது மட்டும் உறுதி.

யார் வாசிப்பது என்பதும் கவனிக்கத் தக்கது. வசதி படைத்த வீட்டார் வேதாகமமும் சங்கீதப் புத்தகமும் வைத்திருக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 1579-இலேயே சட்டம் இயற்றியிருந்தது. புத்தகம் இருப்பது வேறு, வாசிக்கத் தெரிவது வேறு. மூன்றாம் விதி வாசிப்பைத் தலைவரோடு கட்டிப்போடவில்லை. எழுத்தறியாத தகப்பன் கேட்டுக்கொண்டிருக்க, பள்ளிக்குப் போன மகன் வாசிப்பது அதற்கு முற்றிலும் உடன்பாடானதே.

கலந்துரையாடலில் முதன்மைப் பங்கு தலைவருக்கே என்று அதே விதி சொல்கிறதே எனலாம். முதன்மைப் பங்கு முழுப்பங்கு ஆகாது. தலைவர் ஒருவரே பேசுவதாக இருந்தால் பிறர் கேள்விக்கு இடம் தந்திருக்கத் தேவையில்லை. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் 1786-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வரும் ‘குடிசைவாசியின் சனிக்கிழமை இரவு’ என்ற கவிதையைச் சான்றாகக் காட்டி, தகப்பன்தானே வாசிக்கிறான் என்பாருமுண்டு. ஏறத்தாழ 140 ஆண்டு பிந்திய கவிதையைக் கொண்டு 1647-இன் விதியை அளக்க முடியாது.

ஆறாம் விதி சொல்லும் தடையே கனமான மறுப்பு. தங்கியிருப்பவர், உணவுக்கு வந்தவர் போன்ற தக்க காரணமுடையோர் தவிர, பிற குடும்பத்தாரை ஆராதனைக்குச் சேர்க்கக் கூடாது என்கிறது அது. பல குடும்பத்தார் கூடி நடத்திய தனி ஆராதனைக் கூட்டங்கள் பற்றி 1640-இல் அபர்டீன் பேரவையில் எழுந்த சச்சரவின் நிழல் இதில் தெரிகிறது. அச்சத்தில் பிறந்த விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அண்டை வீட்டாரை வெளியே நிறுத்திய அதே கதவு, அண்டை வீட்டாரின் காதுகளையும் வெளியே நிறுத்தியது. ஆராதனை நடந்ததா என்று மூப்பர்கள் விசாரிக்கலாம். அங்கே வேலைக்காரி என்ன கேட்டாள் என்று விசாரிக்க நெறிமுறை வழி எதையும் வகுக்கவில்லை. மன்றப் பதிவேடுகளில் இயல்பாகவே தவறியவர்கள்தான் அகப்படுவார்கள். அந்தப் பதிவேடுகளை மட்டும் புரட்டிவிட்டு, வீடுகளில் பேச்சே இல்லை, கீழ்ப்படிதல்தான் இருந்தது என்று எழுதுவதற்கு ஆதாரம் போதாது.