தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

போன ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு ஒரு பழைய சைக்கிள் வந்தது. பாலாற்றங்கரையில் உள்ள ஒரு சேரியில் வீடு இடித்துக் கட்டும்போது, மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்ததை எடுத்து, பழைய இரும்புக்கடைக்குப் போட வெளியே வைத்திருந்தார்கள். எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய் கிடைக்கும். அந்த வீட்டுப் பேத்தி எங்களிடம் படிக்கிறவள். அவள்தான், "தாத்தா சைக்கிள், கடைக்குப் போகுது" என்று ஓடிவந்து சொன்னாள். நாங்கள் போய்க் கேட்டோம். கொடுத்துவிட்டார்கள்.

அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் அது. தலைக்குழாயில் இருந்த பெயர்த்தகடு பாதி தேய்ந்திருந்தது. பிரேம் முழுக்கத் துரு. ராடு பிரேக்கின் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. டயர் மக்கிப்போயிருந்தது. செயின் கவரில் ஒரு கை அளவுக்குப் பெரிய பள்ளம். விடுமுறைக்குள் இதை ஓடவைப்பது என்று முடிவு செய்தோம். மாணவர்கள் எட்டுப் பேர், நாங்கள் மூன்று பேர், பக்கத்துத் தெரு சைக்கிள் கடை அண்ணன் ஒருவர்.

வேலை தொடங்கிய முதல் நாள், தாத்தாவின் மனைவியான ஆயா வந்து உட்கார்ந்தார். சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த மனுசன் இதுமேல உக்காந்து போனத விட, இதத் தள்ளிக்கினு போனதுதான் ஜாஸ்தி."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

ஒரு வண்டியின் வரலாறு

இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வடிவம் 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில் இருந்து வருகிறது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பெடலில் இருந்து பின்சக்கரத்துக்குச் செயின். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன்பின் சைக்கிள் உலகமெங்கும் உழைப்பவர்களின் வண்டியாகியது. தீவனம் வேண்டாம், டீசல் வேண்டாம். ஓட்டுகிறவரின் கால்தான் எஞ்சின்.

நம் நாட்டுக்கு நெடுங்காலம் சைக்கிள் இங்கிலாந்தில் இருந்துதான் வந்தது. விடுதலைக்குப் பின் இங்கேயே ஆலைகள் எழுந்தன. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ. சைக்கிள் மெல்ல மெல்லக் கூலி வாங்குகிறவர்களின் கைக்கும் எட்டியது.

தாத்தா தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா ஊர்க்காரர் ஒருவரிடம் படியாள். மகன் ஆலைக்குப் போனான். ஆலை 9 கிலோமீட்டர். 1968இல் சீட்டு எடுத்து இந்தச் சைக்கிளை வாங்கினார்.

சேரியில் இருந்து தார்ச்சாலைக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. தெரு தொடங்கும் இடத்தில் சேரிக்காரர்கள் இறங்கிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்துவிட்டுத் தெரு முடியும்வரை தள்ள வேண்டும். முடிந்ததும் ஏறிக்கொள்ளலாம். சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே.

அந்தத் தெருவை மாணவர்கள் நாடா வைத்து அளந்தார்கள். 350 மீட்டர். போக வர 700 மீட்டர். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 210 கிலோமீட்டர். அவர் தள்ளியது 12 ஆண்டு. மொத்தம் 2,520 கிலோமீட்டர். சென்னையில் இருந்து டெல்லிக்கு ரயிலில் போகிற தூரத்தைவிட அதிகம். அவ்வளவு தூரம் ஒரு மனிதர், சொந்தக் காசில் வாங்கிய வண்டியை, வெறுங்காலோடு தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

சீட்டுக்கு அடியில் இருந்த தோல் பையைத் திறந்தபோது, ஒரு ஸ்பேனரோடு இரண்டு தகரப் பில்லைகள் கிடைத்தன. சைக்கிளுக்கு ஊராட்சியில் வாகன வரி கட்டியதற்கான பில்லைகள். இளைய தோழர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் வரி உண்டு. ஏறிப் போகக் கூடாத தெருவுக்கும் சேர்த்துத்தான் அவர் வரி கட்டியிருக்கிறார்.

சைக்கிள் மேல் ஏன் இத்தனை கோபம்?

சமூகவியல் படித்தவர்கள் கேட்டாக வேண்டிய கேள்வி இது. இரண்டு சக்கரம், ஒரு செயின். இது யாருடைய புனிதத்தை என்ன செய்யும்?

முதல் காரணம் உயரம். சைக்கிள் மேல் உட்கார்ந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைவிட உயரத்தில் இருப்பார். சாதி இந்தக் கணக்கில் மிகவும் கறாரானது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் தோளில் துண்டு போடலாம் என்பதெல்லாம் இந்தக் கணக்குதான்.

இரண்டாவது வேகம். நடந்து போகிறவரை, "டேய், இங்க வா" என்று நிறுத்தி ஒரு வேலை சொல்லலாம். சைக்கிளில் போகிறவர் கூப்பிட்ட குரல் காதில் விழுவதற்குள் தாண்டிவிடுவார்.

மூன்றாவதுதான் அடிப்படை. சைக்கிள் இருந்தால் 9 கிலோமீட்டருக்கு அப்பால் வேலைக்குப் போகலாம். அங்கே கூலி பணமாக வரும். படியளக்கிறவனை எதிர்பார்க்க வேண்டாம். தடை சைக்கிளுக்கு என்றாலும் குறி வைத்தது சேரிக்காரர்களின் உழைப்பு தங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது என்பதில்தான்.

வண்டியும் சாலையும் நம் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்லுவண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினார். 1901இல் சிறுவன் அம்பேத்கர் அப்பாவைப் பார்க்கக் கோரேகான் போனபோது, இவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் ஏற்ற மறுத்தார். இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு, சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையில்தான் வண்டி கிடைத்தது. 1929இல், அவர் பாரிஸ்டரான பிறகும், சாளிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றிப்போக மறுத்தார்கள். மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவரை ஓட்ட வைத்தார்கள். வண்டி கவிழ்ந்து அண்ணலுக்குக் கால் முறிந்தது. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் 1924இலேயே கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சாலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. தாத்தா சைக்கிள் வாங்கிய 1968இல் இவை எல்லாமே இருந்தன. அவர் தள்ளிக்கொண்டுதான் போனார்.

பள்ளம்

இனி, செயின் கவரில் இருந்த பள்ளம். ஆயா இதைச் சொல்ல மூன்று நாள் ஆனது.

1980. மழைக்காலம். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் தெருமுனையில் இறங்கவில்லை. மழை, இருட்டு, காய்ச்சல் வேறு. பாதித் தெருவில் நிறுத்தி அடித்தார்கள். கீழே விழுந்த சைக்கிளையும் கடப்பாரையால் அடித்தார்கள். காவல் நிலையத்துக்குப் போனார். சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, சேரியில் சைக்கிள் வைத்திருந்த ஒன்பது பேர் காலையில் ஒன்றாகக் கிளம்பினார்கள். யாரும் இறங்கவில்லை. பெல் அடித்துக்கொண்டே தெருவைத் தாண்டினார்கள். "ஒம்போது பெல்லும் சேர்ந்து அடிச்சா கோயில் மணி மாதிரி இருந்துச்சு" என்றார் ஆயா. அந்த அறுப்புக்குச் சேரியில் ஒருவருக்கும் வேலை தரவில்லை. ஆலைக் கூலியில் ஒன்பது வீடு மற்ற வீடுகளுக்கும் சோறு போட்டது. அடுத்த அறுப்புக்கு ஆள் வேண்டியிருந்தது, கூப்பிட்டார்கள். தெருவில் இறங்கும் வழக்கம் அதோடு முடிந்தது.

சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமை அந்தத் தெருவுக்கு வர ஒன்பது சைக்கிள் தேவைப்பட்டது. ஒன்பது பேரும் கூலிக்கு ஊரை நம்பியிருக்கவில்லை என்பதும் தேவைப்பட்டது. போராட்டத்துக்கு ஒற்றுமை மட்டும் போதாது, பட்டினி போட்டாலும் தாங்குகிற வருமானமும் வேண்டும் என்பதை நாங்கள் இதில் இருந்து எடுத்துக்கொள்கிறோம்.

துருவை எடுப்பது, அடையாளத்தை வைப்பது

வேலை ஐந்து வாரம் நடந்தது. கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டோம். பெடல் கட்டையைப் பிடித்திருக்கும் காட்டர் பின் அசையவில்லை. இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தார் கடை அண்ணன். இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மாணவர்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். அதை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நட்டு, போல்ட், பிரேக் கம்பிகளை ஓர் இரவு புளிக்கரைசலில் போட்டோம். காலையில் துரு கையோடு வந்தது. உடனே சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தடவினோம். இல்லையென்றால் மறுநாளே புதுத் துரு பிடிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்த்தோம், முகக்கவசத்தோடு. முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ்கம்பி, பாரம் அதிகம் தாங்கும் பின்சக்கரத்துக்கு 40. கோட்டம் எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. பால்ஸ், செயின், டயர், டியூப் புதிது. இந்த 28 அங்குல வண்டிகள் இன்னும் செய்யப்படுவதால் சாமான் கிடைத்துவிட்டது.

பிறகுதான் சண்டை வந்தது. ஒரு தம்பி நீலப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றான். அம்பேத்கரின் நிறம். இன்னொருவன் செயின் கவரைத் தட்டிப் பள்ளத்தை எடுத்துவிடலாம் என்றான். "புதுசு மாதிரி ஆயிடும்ணா." பேத்தி மட்டும் வேண்டாம் என்றாள்.

இரண்டு மாலை விவாதம் செய்தோம். ஓடுகிற பாகங்கள் எல்லாம் நன்றாக ஓட வேண்டும், அதில் பழமை பார்க்கக் கூடாது என்று முடிவானது. பிரேமில் துரு அரித்த இடங்களுக்கு மட்டும் ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பழைய கறுப்பு. நீலம் வேண்டாம், அவர் ஓட்டியது கறுப்பு வண்டி. செயின் கவரில் துருவை மட்டும் எடுத்து எண்ணெய் பூசினோம். பள்ளம் அப்படியே இருக்கிறது. காவல் நிலையத்தில் பதிவாகாத புகாருக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அது. அதைத் தட்டி நேராக்கினால், நடக்கவே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு நாமே உதவி செய்ததாகும்.

இன்றும்

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் அதைத் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிரிவு 3(1)(இசட்ஏ)(பி)யைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். செயற்கைக்கோள் விடும் நாடு இதைத் தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், இது இன்னும் நடக்கிறது என்றுதான் பொருள்.

சைக்கிள் செய்த நல்லதையும் மறக்கக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் ஏறினார்கள். தமிழக அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம் 2001-02இல் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கியது. பிறகுதான் மற்றவர்களுக்கும் விரிந்தது. எங்கள் பேத்தியிடமும் அந்தச் சைக்கிள் இருக்கிறது.

ஆனால் ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை, அவள் தாத்தாவின் சைக்கிளை எடுத்தாள். உயரம் எட்டாததால் சீட்டை இறக்கிக் கொடுத்தோம். ஊர்த்தெருவின் தொடக்கத்தில் ஆயா நின்றார். அவள் ஏறிப் போனாள். அந்த 350 மீட்டருக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. தார்ச்சாலைக்குப் போய்த் திரும்பி வந்து, "பிரேக் கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றாள். ஆயா செயின் கவரைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் கொட்டகையிலும் இப்படி ஏதாவது கிடக்கும். சைக்கிள், பறை, ரேடியோ, செருப்புத் தைக்கும் ஊசி, ஒரு பில்லை. எடைக்குப் போடும் முன் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். எப்போது வாங்கியது, எந்தப் பணத்தில் வாங்கியது, எங்கே கொண்டு போகக் கூடாது என்றார்கள், எப்போது கொண்டு போனார்கள். தேதியோடு எழுதுங்கள். துருவை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரியவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

ஜெய்பீம்.