ஆறாத புண்ணும் ஓர் எல்லைக் கோடும்

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் சென்றவர்களுக்குத் தோல் தொழிற்சாலைகளின் வாடை புதிதன்று. அங்கு பச்சைத்தோலை முதலில் சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கிறார்கள். மயிரும், அதனுடன் மெல்லிய மேல்தோலும் கழன்று விடுகின்றன. எஞ்சும் அடித்தோலே பதப்பட்டுச் செருப்பாகிறது. இவ்விரு அடுக்குகளுக்கும் இடையே உள்ள எல்லையை நினைவில் வையுங்கள். ஓர் அரிய புற்றுநோயை அறிவதற்கு அதுவே திறவுகோல்.

1828-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர அறுவை மருத்துவர் மார்ஜொலின், பழைய தழும்புகளில் மருப்போல் தடித்து எழும் புண்களை விவரித்தார். அவை புற்றுநோய் என்று அவர் சொல்லவில்லை. எனினும் 1903-இல் அமெரிக்க மருத்துவர் டாகோஸ்டா, தழும்பில் தோன்றும் புற்றுக்கு 'மார்ஜொலின் புண்' என்றே பெயரிட்டார். தாம் அறியாத நோய்க்குத் தம் பெயரைத் தந்தவர் மார்ஜொலின்!

தீப்புண் தழும்புகளில்தான் இதனை மிகுதியாகக் காண்கிறோம். நம் வட்டாரத்திலோ இதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயில் சதை தானே அழுகி உதிர்கிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர். அவரும் அவருடைய குழுவினரும் வேறு காரணத்தைக் கண்டனர். நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றுப்போவதால், காயம் படுவது தெரியாமல் போகிறது, பாதம் புண்ணாகிறது.

இங்கே சிறிது இயற்பியல். 600 நியூட்டன் எடை 150 சதுர சென்டிமீட்டரில் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 நியூட்டன்தான். அதே எடை 10 சதுர சென்டிமீட்டரில் குவிந்தால் 60 நியூட்டன். உங்களுக்கும் எனக்கும் வலி எடுக்கும், நடையை மாற்றிக்கொள்வோம். உணர்ச்சியற்றவர் அதே இடத்தை மிதித்து நடந்துகொண்டே இருப்பார். எடையைப் பரப்பவே மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகள் வந்தன. 1955-இல் தொடங்கிய காரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையம் இத்தகைய பணிகளை முன்னெடுத்தது.

தொழுநோய்க் கிருமியை மருந்தால் ஒழித்த பின்னும், செத்த நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகவே சிலருக்குப் புண் பல ஆண்டுகள் நீடிக்கிறது. அதை மூட மேல்தோல் செல்கள் ஓயாது பிரிகின்றன. அரிதாக, அவற்றுள் சில கட்டுமீறிப் புற்றாகின்றன. புண் திடீரெனப் பெரிதாகும், காலிஃபிளவர் போல் சதை எழும்பும், எளிதில் குருதி கசியும், நாற்றம் மிகும். வலி இல்லையாதலால், இதுவும் பழைய புண்தான் என்று அவர் இருந்துவிடுவார்.

கண்ணால் பார்த்து முடிவு கட்ட இயலாது. புண்ணின் ஓரத்திலிருந்து பல இடங்களில், ஆழமாகத் துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஏன் ஆழமாக? நாட்பட்ட புண்ணின் ஓரத்தில் மேல்தோல் இயல்பாகவே தடித்துப் புற்றுபோல் தோன்றும். மாறாக, மெல்ல வளரும் ஒருவகைப் புற்று மேலே சாதுவாகவே தெரியும். மேலாகக் கிள்ளிய துண்டு இருவகையிலும் ஏமாற்றும். மேல்தோல் செல்கள் எல்லையைத் துளைத்து அடித்தோலுக்குள் புகுந்தனவா என்பதே கேள்வி.

விடையைப் பொறுத்து ஒரு கால் நிற்கும் அல்லது போகும். முன்னதாகத் தெரிந்தால், சுற்றிலும் நல்ல தோல் சிறிது சேர்த்து வெட்டியெடுத்து, வேறிடத்துத் தோலை ஒட்டலாம். எலும்பு வரை பரவியிருந்தால் காலையே எடுக்க நேரலாம். எனவேதான், முதல் துண்டில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், புண் வளர்ந்துகொண்டே இருந்தால் மருத்துவர் மறுபடியும் துண்டு எடுக்கிறார்.