தொலைக்காட்சியின் பின்புறம்: பெட்டிகளும் வடங்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. "இணையத்தில் படம் பார்க்க எந்த டிவி பாக்ஸ் நல்லது, டீச்சர்?" விடை கூறுமுன் நான் இன்னொரு வினாவைக் கேட்பது வழக்கம். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் பின்புறம் என்னென்ன செருகுதுளைகள் உள்ளன?

பலருக்கு இவ்வினா வியப்பளிக்கிறது. பெட்டியைப் பற்றிக் கேட்டால் துளையைப் பற்றிப் பேசுவானேன்? காரணம் உண்டு. பெட்டிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால், எந்தப் பெட்டி எந்த வீட்டில் இயங்கும் என்பதைத் தீர்மானித்து வந்தது அதனை இணைக்கும் வடமே ஆகும். இன்னொன்றும் உண்டு. கடந்த இருபதாண்டுகளுக்கும் மேலாக இந்த வடம் படத்தையும் ஒலியையும் மட்டும் சுமந்து வருவதில்லை. அந்தப் படத்தைக் காட்டலாமா கூடாதா என்னும் அனுமதியையும் சேர்த்தே சுமந்து வருகிறது. இவ்வரலாற்றை அறிந்தவர் வீண்செலவைத் தவிர்க்கலாம். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய ஒரு பாடமும் இதில் அடங்கியிருக்கிறது.

ஒரே ஒரு வடம் இருந்த காலம்

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாளும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளும் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அன்றைய கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு மின்கம்பியைத் தவிர வேறு ஒரே ஒரு வடம்தான் இருந்தது. அது கூரைமேல் நின்ற ஏரியலிலிருந்து இறங்கி வந்தது. தொடக்கத்தில் இரு கம்பிகள் இணையாக ஓடும் தட்டையான வடமே மிகுதியாகப் பயன்பட்டது. பின்னர், நடுவில் ஒரு செம்புக் கம்பியும் அதனைச் சுற்றி உலோக வலையும் அமைந்த வட்ட வடம் பரவலாயிற்று. இவ்வகை வடத்துக்கு ஆங்கிலேய அறிஞர் ஆலிவர் ஹெவிசைட் 1880ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். தொலைக்காட்சி பிறப்பதற்கு முன்பே அதற்கான வடம் பிறந்துவிட்டது.

அக்காலத்தில் வீட்டாருக்குத் தேர்வு என்பது இல்லை. நிலையம் அனுப்பியதை அனுப்பிய நேரத்தில் பார்க்க வேண்டும்; அவ்வளவுதான்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை

1975ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் ஒளிநாடாக் கருவியையும், 1976ஆம் ஆண்டில் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். கருவியையும் விற்பனைக்குக் கொண்டு வந்தன. தொலைக்காட்சியோடு இரண்டாவது பெட்டியொன்று இணையும் வழக்கம் வீடுகளில் பரவியது. பழைய தொலைக்காட்சிகளில் ஏரியல் துளையைத் தவிர வேறு வழி இல்லாததால், ஒளிநாடாக் கருவி ஒரு சிறு ஒளிபரப்பு நிலையத்தைப் போல நடித்து, ஓர் அலைவரிசையின் வழியே தன் படத்தை உள்ளே அனுப்பியது.

பின்னர் வந்த தொலைக்காட்சிகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத் துளைகள் அமைந்தன. மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் வலப்புற, இடப்புற ஒலிக்கு. இச்செருகிகளை நாம் ஆர்.சி.ஏ. என்கிறோம். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இசைத்தட்டுக் கருவியை வானொலிப் பெட்டியோடு இணைப்பதற்காக உருவாக்கிய எளிய செருகி அது. ஒலிக்காகப் பிறந்த செருகி பல பத்தாண்டுகளுக்குப் பின் படத்துக்கும் உதவியது.

இந்தக் காலத்தில்தான் ஒரு பெரிய வழக்கும் நடந்தது. வீட்டில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய உதவும் கருவியை விற்பது குற்றம் எனக் கூறி, யுனிவர்சல், டிஸ்னி ஆகிய திரைப்பட நிறுவனங்கள் 1976ஆம் ஆண்டில் சோனியை நீதிமன்றத்துக்கு இழுத்தன. 1984ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமன்று என்பது தீர்ப்பின் சாரம். ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் வீட்டுக் கருவிகளின் வரலாறே வேறு திசையில் சென்றிருக்கும்.

எனினும், ஒளிநாடாவில் ஓர் இயற்கையான தடை இருந்தது. படியிலிருந்து படி எடுக்க எடுக்கப் படம் மங்கிப் போகும். இலக்கமுறையில் அவ்வாறு மங்குவதில்லை. ஆயிரமாவது படியும் முதல் படியைப் போலவே இருக்கும். திரைப்படத் துறையினரின் அச்சம் இங்கிருந்தே வளர்ந்தது.

அனுமதி கேட்கும் வடம்

ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சோனி, தாம்சன், தோஷிபா, சிலிக்கான் இமேஜ் ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடி உருவாக்கிய எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்பு முறையின் முதல் பதிப்பு 2002ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. பத்தொன்பது ஊசிகள் கொண்ட ஒரே செருகியில் படமும் ஒலியும் இலக்கமுறையில் செல்லும். மூன்று நிறம், ஐந்து நிறம் என்று வடங்களைப் பிரித்துச் செருக வேண்டிய தொல்லை நீங்கியது.

அந்த வடத்தின் வழியே வேறொன்றும் வீட்டுக்குள் வந்தது. இன்டெல் நிறுவனம் உருவாக்கிய எச்.டி.சி.பி. என்னும் பாதுகாப்பு முறைதான் அது. இதன் செயற்பாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எளிதில் விளக்கலாம். படத்தை அனுப்பும் பெட்டி, எதிர்முனையில் உள்ள திரையிடம் "உன்னிடம் உரிய சாவி இருக்கிறதா?" என்று கேட்கிறது. சரியான விடை வந்தால் படம் தெரியும். வராவிட்டால் திரை இருண்டு கிடக்கும், அல்லது தரம் குறைந்த படமே வரும்.

இதனால் பாதிக்கப்பட்டவர்களில் நம்மைப் போன்ற ஆசிரியர் ஒருவரும் உண்டு. 2008ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர், பணம் கொடுத்து முறையாக வாங்கிய திரைப்படத்தைத் தம் புதிய மேக்புக் மடிக்கணினியிலிருந்து வகுப்பறைப் புரொஜெக்டரில் காட்ட முயன்றார். புரொஜெக்டரிடம் உரிய சாவி இல்லை என்பதால் கணினி மறுத்துவிட்டது. திருட்டைத் தடுப்பதற்காகப் போடப்பட்ட பூட்டு, விலை கொடுத்து வாங்கியவரையே வெளியே நிறுத்தியது. இச்செய்தி பரவிய பின், சாதாரணத் தரப் படங்களுக்கு மட்டும் மென்பொருள் திருத்தத்தின் வழியே அத்தடை தளர்த்தப்பட்டது.

பழைய துளைகள் மறைந்ததற்கும் இதே அச்சமே ஒரு காரணம். புளூ-ரே வட்டுகளின் பாதுகாப்பு உரிமத்தின்படி, 2010ஆம் ஆண்டுக்குப் பின் தயாரான கருவிகள் அனலாக் துளைகளின் வழியே உயர்தரப் படத்தை அனுப்பக் கூடாது. 2013ஆம் ஆண்டுக்குப் பின் தயாரானவற்றில் அனலாக் படத்துளையே இருக்கக் கூடாது. மஞ்சள் துளை பழுதாகி மறையவில்லை, ஒப்பந்தத்தால் மறைந்தது.

இணையப் பெட்டிகளின் வருகை

2007ஆம் ஆண்டு மார்ச்சில் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஆப்பிள் டிவி 299 டாலர் விலையில் வெளிவந்தது. 40 ஜிகாபைட் வன்தட்டு கொண்ட அதில் மஞ்சள் படத்துளை கிடையாது. எச்.டி.எம்.ஐ. துளையும், படத்தை மூன்றாகப் பிரித்து அனுப்பும் பச்சை, நீலம், சிவப்பு நிறத் துளைகளுமே இருந்தன. பழைய தொலைக்காட்சி வைத்திருந்த குடும்பங்களுக்கு அது பயன்படவில்லை. அகலத்திரைத் தொலைக்காட்சி வைத்திருந்தவர்களும் வடத்தைத் தனியே வாங்க வேண்டியிருந்தது.

2008ஆம் ஆண்டு மே மாதம் வந்த ரோக்கு பெட்டி வேறு வழியில் சென்றது. இது முதலில் நெட்பிளிக்ஸ் நிறுவனத்துக்குள் உருவானது. சொந்தமாகப் பெட்டி விற்றால் மற்றத் தயாரிப்பாளர்கள் தம் சேவையை ஏற்கமாட்டார்கள் என்று கருதிய நெட்பிளிக்ஸ், அதனை ஆந்தனி வுட் என்பவரின் ரோக்கு நிறுவனத்திடம் விட்டுவிட்டது. ரோக்கு என்றால் ஜப்பானிய மொழியில் ஆறு என்று பொருள். அது அவர் தொடங்கிய ஆறாவது நிறுவனம். நூறு டாலருக்குள் விற்ற அப்பெட்டியில் பழைய மஞ்சள் துளை முதல் எச்.டி.எம்.ஐ. வரை எல்லாமே இருந்தன. எந்தத் தொலைக்காட்சி வைத்திருந்தாலும் பயன்படுத்தலாம்.

2010ஆம் ஆண்டில் இரண்டாம் ஆப்பிள் டிவி 99 டாலருக்கு வந்தது. வன்தட்டு இல்லை, படத்துக்கு எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றே. 2013ஆம் ஆண்டு ஜூலையில் கூகள் 35 டாலருக்கு வெளியிட்ட குரோம்காஸ்ட் நேராகவே தொலைக்காட்சித் துளையில் செருகிக்கொண்டது. வடமே வேண்டாம் என்று மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் மின்சாரத்துக்கு ஒரு வடம் தொங்கியது. 2024ஆம் ஆண்டில் கூகள் குரோம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்தி, கூகள் டிவி ஸ்டிரீமர் என்னும் பெட்டியைக் கொண்டு வந்தது. அதனோடு எச்.டி.எம்.ஐ. வடம் வருவதில்லை, வாங்குபவரே தனியாக வாங்க வேண்டும். பதினேழு ஆண்டுகள் சுற்றி வந்து முதல் ஆப்பிள் டிவி காலத்து நிலைக்கே திரும்பிவிட்டோம்.

நம் நாடுகளில்

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலும், அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளுடன் மலேசியா முழுவதிலும் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. பழைய தொலைக்காட்சி வைத்திருந்தோருக்கு டிகோடர் தேவைப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இரு அரசாங்கங்களும் உதவின. இம்முறை வடத்தின் மாற்றம் யாரையும் விட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள முயன்றது பாராட்டத்தக்கது.

ஆனால், இக்காலக்கட்டத்திலேயே மற்றொரு பெட்டியும் பெருகியது. "ஒருமுறை பணம் கட்டினால் போதும், வாழ்நாள் முழுதும் எல்லா அலைவரிசையும் இலவசம்" என்று விற்கப்படும் பெட்டியைத்தான் குறிப்பிடுகிறேன். வடத்தில் போடப்பட்ட பூட்டை இப்பெட்டிகள் உடைப்பதில்லை. பூட்டுக்கு முன்னரே, உரிமையற்ற இடத்திலிருந்து படத்தை இணையத்தின் வழியே எடுத்து வருகின்றன. ஆகவே சட்டம் வேறு வழியில் வர வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய பெட்டிகளை விற்பவருக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கிறது. மலேசியாவில் 2022ஆம் ஆண்டு மார்ச் முதல் நடப்பில் உள்ள திருத்தச் சட்டம் 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமும் இருபதாண்டு வரை சிறையும் விதிக்க வகை செய்கிறது.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைக் கூறவில்லை. மாணவன் இணையத்திலிருந்து ஒரு கட்டுரையை அப்படியே எடுத்து எழுதி வந்தால், "இது உன் உழைப்பு அன்று" என்று கண்டிக்கிறோம். அதே மாணவன் மாலையில் வீடு திரும்பி, பிறர் உழைப்பை உரிமையின்றி வழங்கும் பெட்டியின் முன் குடும்பத்தோடு அமர்கிறான் என்றால், எந்தப் பாடத்தை அவன் மெய்யென்று கொள்வான்? தமிழ்த் திரைப்படங்களையும் நம் உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளையும் இப்பெட்டிகள் விட்டுவைப்பதில்லை. சிறிய சந்தையை நம்பிப் படமெடுக்கும் உள்ளூர்க் கலைஞனுக்கு ஒவ்வொரு பார்வையாளரும் முக்கியம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. முதலில் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துளை உண்டா, வேறு கருவி எதுவும் பயன்படுத்தாத துளை மீதம் உள்ளதா என்று உறுதி செய்யுங்கள். மஞ்சள் துளை மட்டுமே இருந்தால் சமிக்ஞையை மாற்றித் தரும் கருவி தனியே தேவை. இரு முனைகளிலும் வேறு வேறு செருகிகள் கொண்ட வெறும் வடம் அவ்வேலையைச் செய்யாது.

2. பெட்டியோடு வடம் வருகிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெட்டி துளையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதை அளந்து, அதற்கேற்ற நீளத்தில் வாங்குங்கள். தேவைக்கு மேல் நீண்ட வடத்தில் சமிக்ஞை வலுவிழக்கக்கூடும்.

3. 4கே தொலைக்காட்சியானால் "பிரீமியம் ஹை ஸ்பீட்" என்னும் சான்று முத்திரை பெற்ற வடம் போதும். அது நொடிக்கு 18 ஜிகாபிட் வரை தாங்கும். 48 ஜிகாபிட் தாங்கும் "அல்ட்ரா ஹை ஸ்பீட்" வடம் இணையப் படத்துக்குத் தேவையில்லை. தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த வடத்தால் படம் கூடுதல் அழகாகத் தெரியாது. இலக்கமுறையில் சமிக்ஞை சரியாக வந்து சேர்ந்தால் படம் முழுமையாக இருக்கும். சேராவிட்டால் புள்ளிகளும் இருட்டும்தான் தெரியும்.

4. படம் அடிக்கடி நின்று நின்று ஓடினால் உடனே பெட்டியைக் குறை கூறாதீர்கள். 4கே படத்துக்கு நெட்பிளிக்ஸ் நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தைப் பரிந்துரைக்கிறது. அறைச்சுவர்களைத் தாண்டி வரும் வைஃபையை விட, மோடத்திலிருந்து நேராக வரும் இணைய வடம் நிலையானது. பெட்டியில் அதற்கான துளை உள்ளதா என்றும் பாருங்கள்.

5. பழைய புரொஜெக்டரில் காட்ட எண்ணும் ஆசிரியர்கள், அதில் வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்தால் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். மாற்றுக் கருவி இருந்தாலும், அனுமதிச் சாவி இல்லாவிட்டால் பாடவேளையில் வெறுந்திரைதான் மிஞ்சும்.

6. "எல்லாம் இலவசம்" என்று ஒருவர் விற்றால், அப்படத்தை எடுத்தவருக்கு யார் பணம் கொடுக்கிறார் என்று கேளுங்கள். அவரிடம் விடை இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பெற்றோர்களே, பெட்டி வாங்கும் நாளில் பிள்ளைகளையும் அருகில் அழைத்து, தொலைக்காட்சியின் பின்புறத்தைக் காட்டுங்கள். எந்தத் துளை எந்தக் காலத்தது, எது ஏன் வந்தது என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். அறிவியலும் வரலாறும் நன்னெறியும் ஒரே இடத்தில் கிடைக்கும் பாடம் அது.

அடுத்த பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை