சாலைக்கு விலை கொடுத்தவர் யார்?

மிதிவண்டியில் செல்வோரை நோக்கி, "நாங்கள் வரி செலுத்துகிறோம், நீங்களோ ஒரு காசும் கொடாமல் எங்கள் சாலையில் வருகிறீர்கள்" என்று மோட்டார் ஓட்டுவோர் சிலர் கடிந்துகொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் இன்னும் மறைந்தபாடில்லை. இவ்வழக்கில் நியாயம் எவர் பக்கம் உள்ளது என அறிய, அந்நாட்டுச் சாலைகளின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

1555-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தந்த ஊர் மக்களே ஆண்டுக்கு நான்கு நாள் கூலியின்றி உழைத்துச் சாலையைச் செப்பனிட்டனர். பார வண்டிகள் பெருகவே அம்முறை போதாதாயிற்று. 1663-இல் வடக்குப் பெருஞ்சாலையின் ஒரு பகுதியில் சுங்கம் தண்டப் பாராளுமன்றம் இசைந்தது. பின்னர் நாடெங்கும் சாவடிகள் தோன்றின. ஏழை உழவர்க்கு இவை பெருஞ்சுமை ஆயின. வேல்ஸ் நாட்டில் 1839 முதல் 1843 வரை ஆடவர் பெண்ணுடை தரித்து இரவில் வந்து சாவடிகளை உடைத்த செய்தியை 'ரெபெக்கா கலகம்' என்று வரலாறு கூறும். இருப்புப் பாதைகள் பரவியபின் சுங்க வருவாய் குன்றியது. 1895-இல் இறுதிச் சாவடியும் ஒழிந்தது. அதற்குள் பெருஞ்சாலைகள் மாவட்ட மன்றங்களின் பொறுப்பாகிவிட்டன. செலவு, வீட்டு வரியிலிருந்து வந்தது. மிதிவண்டிக்காரனும் வீட்டில் குடியிருப்பவன்தானே!

இங்கு ஒரு வியப்பு. நல்ல சாலை வேண்டும் என்று முதலில் சங்கம் அமைத்துக் கிளர்ச்சி செய்தவர்கள் மிதிவண்டிக்காரர்களே. அது 1880-களில், மோட்டார் வண்டி வருமுன் நிகழ்ந்தது. அவர்களுள் ஒருவரான ரீஸ் ஜெஃப்ரீஸ் 1910-இல் அரசின் சாலை வாரியச் செயலாளரே ஆனார்.

அவ்வாரியத்தின் பணம் எங்கிருந்து வந்தது? 1909-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், பெட்ரோலுக்கு காலன் ஒன்றுக்கு மூன்று பென்ஸ் தீர்வையும், மோட்டார் வண்டிக்கு அதன் ஆற்றலுக்கேற்ற வரியும் விதித்தார். வருவாய் சாலைக்கே செல்லும் என்றார். புழுதி பறந்த சாலைகளுக்குத் தார் பூசப்பட்டது இப்பணத்தால்தான். 1920-இல் 'சாலை நிதி' தோன்றியது. ஆனால் 1926-இல் நிதியமைச்சராயிருந்த சர்ச்சில் அந்நிதியில் கைவைத்தார். 1937 முதல் வண்டி வரி முழுதும் பொதுக் கருவூலத்தையே சேர்ந்தது. 'சாலை வரி' என்னும் பெயர்மட்டும் மக்கள் நாவில் நின்றுவிட்டது.

மோட்டார்காரர் மனம் கசந்ததில் நியாயம் உண்டு. வாக்களித்தபடி பணம் செலவிடப்படவில்லை. எனினும் அக்கசப்பு கருவூலத்தின்மேல் செல்ல வேண்டியது. மிதிவண்டிக்காரன்மேல் செல்வது எங்ஙனம் பொருந்தும்?

தேய்மானக் கணக்கும் அவன் பக்கமே நிற்கிறது. 1958 முதல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெருஞ்சோதனையில், அச்சின் சுமை இருமடங்கானால் சாலைக்கு விளையும் கேடு ஏறக்குறைய 16 மடங்காகும் எனத் தெரிந்தது. இக்கணக்கின்படி மிதிவண்டியால் விளையும் கேடு ஒரு பொருட்டே அன்று; காரினால் விளைவதும் சிறிதே. பெரும்பங்கு, பாரம் ஏற்றிய லாரியினுடையது. ஆகவே காரும் மிதிவண்டியும் ஒன்றோடொன்று பூசலிடுவது எனக்குச் சற்று நகைப்பையே தருகிறது.

இப்பொழுது மின்சார வண்டிகள் பெருகிவருகின்றன. பேட்டரியால் கனம் மிகுந்த இவை பெட்ரோல் தீர்வை ஏதும் தருவதில்லை. 2025 ஏப்ரல் முதல் இவற்றின்மீதும் ஆண்டு வண்டி வரியை விதித்திருக்கிறது பிரிட்டிஷ் அரசு.