ஒட்டகப் பாட்டும் தையல் மேசையும்

பாலைப் பயணத்தில் ஒட்டகம் ஓட்டுவோர் பாடும் பாட்டை அரபியர் 'ஹுதா' என்பர். பாட்டு விரைந்தால் நடை விரையும், தளர்ந்தால் தளரும். இசையின் காலப்பிரமாணம் உடலை ஆள்வதை அவர்கள் தொழிலால் அறிந்திருந்தனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பயணமொன்றில் பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை, இனிய குரலுடைய அன்ஜஷா (ரலி) பாடி ஓட்டினார். கண்ணாடிக் கலங்களைச் சுமந்து செல்வதை நினைவிற்கொண்டு நிதானமாக ஓட்டுமாறு அண்ணலார் பணித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. குரலின் இனிமை பெண்களின் உள்ளத்தைக் கலக்கும் என்பதே இதன் கருத்து என உரையாசிரியர் சிலர் கூறுவர். வேகமான ஓட்டத்தில் உடல் குலுங்கி நோகும் என்பதே கருத்து என்பர் வேறு சிலர். பின்னதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு கி.பி. 1111) தம் 'இஹ்யா'வில், தீனவரி என்பார் வாயிலாக ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார். பாலையில் அரபியர் ஒருவரின் கூடாரத்தில் விருந்தினராகத் தங்கிய தீனவரி, முற்றத்தில் ஒட்டகங்கள் மாண்டு கிடப்பதையும் உள்ளே ஓர் அடிமை விலங்கிடப்பட்டிருப்பதையும் கண்டார். அவனுக்காகப் பரிந்து பேசியபோது, தம்மை ஏழையாக்கியவனே இவன்தான் என்றார் வீட்டுக்காரர். பெருஞ்சுமை ஏற்றிய ஒட்டகங்களுக்கு அவன் பாடினான். மூன்று நாள் தொலைவை அவை ஒரே இரவில் கடந்தன. சுமையை இறக்கியதும், ஒன்று தவிர அனைத்தும் மாண்டன. மறுநாள் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்த ஓர் ஒட்டகத்துக்கு அவனைப் பாடச் செய்தபோது, அது கயிறுகளை அறுத்துக்கொண்டு ஓடியதாம்.

கிணறு என்றதும் நம் கொங்கு நாட்டுக் கவலை நினைவுக்கு வருகிறது. மாடுகளைப் பின்னும் முன்னும் நடத்திச் சால் இறைத்தவர்களின் பாட்டு, மாட்டின் நடையைத் தழுவியே சென்றது. மாடு களைத்தால் பாட்டும் நீண்டது. மின்மோட்டார் வந்தபின் அப்பாட்டு ஓய்ந்தது.

அதே மண்ணில், திருப்பூரின் பனியன் கம்பெனிகள் பலவற்றில் இன்று ஒலிபெருக்கி பாடுகிறது. தையல் இயந்திரம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தைப்பது. எந்தத் தாளமும் அதனோடு இசையாது. துணியை எடுத்து, மடித்து, தள்ளும் கைகளே தாளத்துக்கு வசப்படும். பாட்டு, களைப்பை உணரவிடாமல் மறைக்கும் ஆற்றலும் உடையது. துண்டுக் கணக்கில் கூலி பெறுபவருக்கு இது உடனடி ஆதாயமே. ஆயினும் கஸ்ஸாலியின் கதையில் ஒட்டகங்கள் வழியில் விழவில்லை, சுமை இறங்கிய பின்னரே விழுந்தன.

போர்க்காலப் பிரிட்டனில் தொழிற்சாலைகளுக்கென்றே பி.பி.சி. 1940இல் இசை நிகழ்ச்சி தொடங்கியபோது, அது இடைவிடாது ஒலிக்கவில்லை. ஒரு வேளைக்கு அரை மணி நேரமே. 2006இல் 'ஹார்ட்' இதழில் வெளியான பெர்னார்டி குழுவினரின் ஆய்வில், விரைந்த இசை மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தியது. இசைக்கு நடுவே விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தில், அவை இசை தொடங்குமுன் இருந்த அளவுக்கும் கீழே இறங்கின.